விரல் நுனியில் ஒரு மின்னல்

தேனி வட்டாரத்துப் பஞ்சாலை ஒன்றினுள் முதன்முறையாக நுழைகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். வெளியே பங்குனி வெயிலில் காற்று வறண்டு கிடக்கும். உள்ளே நூற்புக் கூடத்திலோ மழை பெய்து ஓய்ந்தாற்போல ஈரம் நிறைந்திருக்கும். வேண்டுமென்றேதான் காற்றில் நீரைக் கலந்து அனுப்புகிறார்கள். ஈரப்பதம் நூற்றுக்கு 55, 60 என்ற அளவிலிருந்து மிகவும் இறங்கிவிட்டால், பஞ்சிழைகள் உராய்வினால் மின்னேறி, ஒன்றோடொன்று பிணங்கிக்கொண்டு சிலிர்த்து நிற்கும், உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும்.

ஆலைக்காரர் நூலுக்காகப் படும் இந்தக் கவலையில் நூற்றில் ஒரு பங்காவது நம் வீட்டிலுள்ள சிறு கருவிகளுக்காக நாம் படுகிறோமா?

2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல எளிய குடும்பங்களுக்கு அதுவே முதற் கணினி. அப்படிப்பட்ட ஒன்றை நம் மாணவன் ஒருவன் நம்மிடம் கொண்டுவந்து, நினைவகப் பலகை ஒன்றைப் புதிதாகப் பொருத்தித் தரும்படி கேட்டான். பாலியெஸ்டர் சட்டை அணிந்து, நைலான் விரிப்பின்மேல் சம்பிரமமாக உட்கார்ந்து பொருத்தினோம். பொறி பறக்கவில்லை, விரலில் சுரீரென்று ஒன்றும் படவில்லை. ஆயினும் பலகை வேலை செய்ய மறுத்துவிட்டது. நிலை மின்சாரந்தான் காரணம் என்று சத்தியம் செய்ய இயலாது. ஆனால் நாம் உட்கார்ந்திருந்த கோலத்தை எண்ணிப் பார்த்தால் வேறு யாரைக் குறை சொல்வது? பையனின் முகம் வாடியதைக் கண்டு, புதிய பலகை ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்தோம்.

இதிலுள்ள சூட்சுமம் இதுதான். இரு பொருள்கள் உராயும்போது எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. காற்றில் ஈரமிருந்தால் அந்த மின்னேற்றம் மெல்லக் கசிந்துவிடும். வறட்சியில் நம் உடம்பிலேயே தங்கிவிடும். விரல் நுனியில் பொறி உறைப்பதற்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். கணினிச் சில்லுகளில் சிலவற்றைக் கெடுப்பதற்கோ 100 வோல்ட்டே போதும்! ஆகவே, "எனக்கு ஒன்றும் உறைக்கவில்லையே" என்பது சமாதானமாகாது. சில சமயம் சில்லு உடனே சாகாமல், காயம்பட்டுச் சில மாதங்கள் கழித்துக் கெடுவதும் உண்டு.

பயந்து நடுங்க வேண்டியதில்லை. மூடிய கருவிக்கு அதன் உறையே பெரும்பாலும் கவசம். திறக்கும்போதுதான் ஜாக்கிரதை தேவை. முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். விரிப்பு, மெத்தை இவற்றை விட்டு மர மேஜைக்கு வரவேண்டும். பருத்தி ஆடை உத்தமம். சரியாக எர்த் செய்யப்பட்ட, வர்ணம் பூசாத உலோகத்தை முதலில் தொட வேண்டும், இடையிடையேயும் தொடலாம். பிளாஸ்டிக் குழாயில் பொருத்திய தண்ணீர்க் குழாயைத் தொடுவதால் பயனில்லை. பலகையை விளிம்பில் பிடித்து எடுக்க வேண்டும். கடைசி நிமிஷம் வரை அது வந்த சாம்பல் நிறப் பையிலேயே இருக்கட்டும். அடிக்கடி இவ்வேலை செய்பவர்கள் மணிக்கட்டுப் பட்டை வாங்கிக்கொள்ளலாம். அதன் கம்பியில் பத்து லட்சம் ஓம் தடை வைத்திருப்பது ஆளைக் காப்பதற்காகவே; ஆகையால் வெறுங்கம்பியைக் கையில் சுற்றி எர்த் துளையில் செருகும் சாமர்த்தியம் ஒருபோதும் வேண்டாம்.

மற்றொன்று: சார்ஜ் ஏறும்போது மடிக்கணினியின் உலோக உடல் விறுவிறுவென்று கூசினால், அது நிலை மின்சாரம் அன்று, பெரும்பாலும் எர்த் இல்லாமையால் வரும் கசிவு. அதற்கு வைத்தியர் எலெக்ட்ரீஷியனே.

ஐப்பசியில் மலைமேல் இடி முழங்கியதும் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சியின் பிளக் பிடுங்கப்படுகிறது! கண்ணைப் பறிக்கும் மின்னலுக்கு நாம் காட்டும் மரியாதையில் கொஞ்சம், கண்ணில் படாத மின்னலுக்கும் காட்டினால் நஷ்டமொன்றுமில்லை. இரண்டாவது பலகையைப் பொருத்த உட்கார்ந்தபோது, மாணவனே நம்மைத் தடுத்து, "எர்த்தைத் தொட்டீர்களா, சார்?" என்று கேட்டான். தொட்டோம். கணினி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.