நள்ளிரவில் கடற்கரையில் பள்ளிப் பிள்ளைகள்! ஆமைத் தடம் பார்த்து "துப்பு" துலக்குகிறார்கள்

சென்னை,

இரவு மணி 11. ஊர் அடங்கும் நேரம். நீலாங்கரை கடற்கரையில் ஒரு கும்பல் கூடுகிறது.

போலீசார் பதற வேண்டாம். கல்லூரி மாணவர்களும், அப்பா அம்மா கையைப் பிடித்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். இவர்கள் தேடுவது ஆமையை!

ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை, வாரக்கடைசி இரவுகளில் நடக்கும் "ஆமை நடை" இது. பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோ மீட்டர். போய்ச் சேர விடியற்காலை ஆகிவிடும். 1970-களில் கிண்டி பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கிய வேலையை, 1988 முதல் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு செய்து வருகிறது.

டார்ச் கூடாது!

டார்ச் அடிக்கக் கூடாது. செல்போன் வெளிச்சமும் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் கரையேற வந்த ஆமை கடலுக்கே திரும்பிவிடும்.

செல்போன் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளைகள், இருட்டில் நாலு மணி நேரம் நடக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடுகிறது. டிராக்டர் டயர் ஓடின மாதிரி மணலில் கோடு தெரிந்தால், அதுதான் தடயம். வந்த கோடு எது, போன கோடு எது? மணல் எந்தப் பக்கம் தள்ளிக் கிடக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கைதேர்ந்த துப்பறிவாளர் வேலைதான்!

ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போலக் குழி. பழகிய மாணவர்கள் தோண்ட, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எண்ணுகிறார்கள். பிங்பாங் பந்து போல நூறுக்கு மேல் முட்டை!

மணலில் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. புத்தகத்தில் படித்தால் பரீட்சையோடு போச்சு. ராத்திரியில் மணலைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை மறக்குமா?

ஆயிரம் ஆமைகள் சாவு

வழியில் செத்த ஆமைகளும் கிடக்கும். பிள்ளைகள் அதையும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

கடலில் வாழும் ஆமை தண்ணீரில் எப்படிச் சாகும்? பிள்ளைகளுக்கு வரும் சந்தேகம் இது. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மேலே வந்து மூச்சு விட வேண்டும். விசைப்படகின் இழுவை வலையில் சிக்கி அடியிலேயே கிடந்தால் மூச்சு முட்டிப் போகும். அந்த வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்கலாம். அதற்குக் கருவி இருக்கிறது. இப்படிப் போகும் பேச்சு, வீட்டில் தட்டில் விழும் இறால் வரை வந்துவிடுகிறது!

விளக்கும் எமன்

முட்டைகளை பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். 45 நாளுக்கு மேல் ஆகும். குஞ்சுகள் வெளிச்சமான பக்கமாக ஓடும். கடல்தான் வெளிச்சம் என்பது அதன் கணக்கு. கடற்கரையில் பொரிந்த குஞ்சு தெருவிளக்கை நம்பி ரோட்டுக்கு வந்தால் கதை முடிந்தது. ஆமை சீசனில் மட்டும் ராத்திரி அந்த விளக்குகளை அணைத்து வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

7 கிலோ மீட்டர் நடக்க முடியாத வாண்டுகளுக்கு மார்ச், ஏப்ரலில் வேறு வழி உண்டு. பொழுது சாயும் நேரத்தில் பொரிப்பகத்துக்குப் போனால், அன்று பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், காலடியில் பார்த்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.