குழாய்த் தொழிலும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மே மாதம் வந்துவிட்டால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளைக் கையில் ஏந்திக்கொண்டு பெற்றோர் பலர் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்துவிடுகின்றனர். "சாமி, பையனை எதில் சேர்க்கலாம்?" என்பதே அவர்கள் கேள்வி. மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. தேர்ச்சி பெற்றான் என்ற அளவில் நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றியே கவலை. இருக்கும் ஓர் ஏக்கரை அடமானம் வைத்தாவது அவனை ஏதேனும் ஒரு பொறியியற் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்று தந்தை துடிக்கிறார். "குழாய் வேலை கற்கட்டுமே" என்று நாம் சொன்னால் தாயின் முகம் வாடிவிடுகிறது. "கக்கூஸ் வேலைக்கா சாமி அனுப்பச் சொல்றீங்க?" என்று கேட்ட தாய்மாரும் உண்டு.

இக்கேள்வியின் அடியில் கிடப்பது சாதி எண்ணமே. அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கழிவுநீரைத் தொடுபவன் தாழ்ந்தவன் என்று நூற்றாண்டுகளாக நம்மிடையே ஊறிப்போயுள்ள நினைப்பு, கோயிலுக்குள் ஒன்றாக முழந்தாளிடும் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அதே குடும்பம் புது வீடு கட்டும்போது, குளியலறைக் குழாய் பதிக்க ஆள் கிடைக்காமல் பத்து நாள் காத்திருக்கிறது. வருகின்ற தொழிலாளியிடம் "நாளைக்கு வந்துவிடுவீர்களா, தம்பி?" என்று கெஞ்சவும் செய்கிறது.

'பிளம்பர்' என்னும் ஆங்கிலச் சொல் 'பிளும்பும்' என்ற இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஈயம் என்பது அதன் பொருள். உரோமையர் ஈயத் தகட்டை வளைத்துக் குழாய் செய்து நகரங்களுக்கு நீர் கொண்டுவந்தனர். ஆகவே ஈய வேலை செய்தவனே குழாய்த் தொழிலாளியானான். ஈயக் குழாயைவிட மண் குழாய் உடலுக்கு நல்லது என்றும், ஈயம் உருக்குவோர் முகம் வெளிறிக் காணப்படுகின்றனர் என்றும் விட்ருவியுஸ் என்ற கட்டடக் கலைஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார். குருமடத்தில் கற்ற இலத்தீன் இப்படியும் ஒரு நாள் கைகொடுக்கும் என்று நாம் நினைத்ததில்லை!

இனி நம் ஊர்ப் பக்கத்தை நோக்குவோம். அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் சாலையில் உள்ளது கீழப்பழுவூர். பழுவேட்டரையர் ஆண்ட மண். ஆலந்துறையார் கோயில் உள்ள ஊர். இன்று சிமெண்டு ஆலைகளாலும் அறியப்படுகிறது. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்திருப்பதே ஆலைகள் இங்கு வந்ததற்குக் காரணம். சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வரும் நீர் கடினநீராகிவிடுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் குழாயின் உட்புறம் வெண்மையாக உப்புப் படிந்து, நாளடைவில் நீர் வரும் வழி சுருங்கிப்போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குழாய்முனை அடைத்துக்கொள்வதும், வெந்நீர்க் கருவி பழுதாவதும் இதனாலேயே. வேறு ஊரில் நல்ல நீரில் வேலை கற்றவன் இங்கே வந்தால் திகைப்பான். இம்மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கோ இது பழகிய நோய்.

அன்றியும், 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், சிற்றூர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வீட்டுக் குழாயிலேயே கிடைக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. தெருக்குழாயடியில் குடத்தோடு நின்ற காலம் மாறி, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துள்ளது. இணைப்புக் கொடுப்பது ஒரு முறை வேலை. கசிவை நிறுத்துவதும் வால்வை மாற்றுவதும் ஆண்டுதோறும் தொடரும் வேலை.

சரி, தொழிலை எங்கே கற்பது? வழி இரண்டு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்லா நிலையங்களிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. ஆதலால் அரியலூரிலோ திருச்சி திருவெறும்பூரிலோ உள்ள நிலையத்துக்கு நேரில் சென்று, இவ்வாண்டு எப்பிரிவுகளுக்குச் சேர்க்கை நடைபெறுகிறது என்று கேட்டறிவதே முறை. படிப்பு முடிந்தபின் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பழகுநராகலாம். மற்றொரு வழி, தேர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் கையாளாகச் சேர்வது. முதல் ஆறு மாதம் சுவரில் காடி வெட்டுவதும், குழாய் சுமப்பதும், தேநீர் வாங்கி வருவதுமாகவே கழியும். இதனைக் கண்டு மனம் சலித்து ஓடிவரும் பிள்ளைகளே மிகுதி. நம் கருத்தைக் கேட்டால், முதலில் பயிற்சி நிலையம், பிறகு மேஸ்திரி என்போம். சான்றிதழ் இல்லாதவன் எவ்வளவு திறமையுள்ளவனாயினும் பெரிய கட்டட நிறுவனத்தின் வாயிலில் கையாளாகவே கருதப்படுகிறான்.

கணக்கு வராதவனுக்கு ஏற்ற தொழில் என்று இதனை எண்ணுவது பெரும் பிழை. அரை அங்குலக் குழாயைவிட ஓரங்குலக் குழாய் இரு மடங்கு அகலமானது. ஆனால் நீர் செல்லும் பரப்போ நான்கு மடங்கு. தொட்டி நீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே உள்ள குளியலறையில் நீர்த்தூவி ஏன் சொட்டுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆயிரம் லிட்டர்த் தொட்டியில் நிறையும் நீர் மட்டுமே ஒரு டன் எடை. அதனைத் தளத்தின் நடுவில் வைப்பதா, தூண்மீது வைப்பதா என்பதை அறியாதவன் வீட்டையே கெடுத்துவிடுவான். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி சரிவு என்பது தொழிலின் பழைய பாடம். சரிவு குறைந்தால் அடைத்துக்கொள்ளும். மிகுந்தால் நீர் முந்தியோடிக் கழிவு பின்தங்கும். வளைகுழாயில் எப்போதும் இரண்டங்குல நீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்க வேண்டும். வகுப்பில் கசந்த வடிவியல், ரசமட்டத்தைக் கையில் பிடித்தபின் இனிக்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறோம்.

முன்பு இரும்புக் குழாயில் மரை வெட்டிச் சணல் சுற்றிப் பூட்டினர். இப்போது பெரும்பாலும் பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்களே. பசை தடவி ஒட்டுவது எளிதாகத் தோன்றும். அந்த எளிமையே ஆபத்து. பசை உலருமுன் நீர் திறந்துவிட்டு, மறுநாள் ஓடு பதித்த சுவரை உடைக்கச் செய்யும் அரைகுறை வேலையாட்கள் பெருகியதும் அதனாலேயே. சுவரைப் பூசுமுன் அழுத்தச் சோதனை செய்து, வீட்டுக்காரரை அழைத்துக் காட்டும் பழக்கம் ஒன்றே ஓர் இளைஞனுக்குப் பத்து வீடுகளில் பெயர் வாங்கித் தரும். தொடக்கத்தில் கருவிகளுக்காகக் கடன் பெற வேண்டியதில்லை. இரண்டு பைப் ரெஞ்சு, ரம்பம், ரசமட்டம், அளவு நாடா, சுத்தி, உளி இவை போதும். துளைக்கும் இயந்திரத்தைச் சம்பாதித்து வாங்கலாம்.

ஒடிசா மாநிலத்துக் கேந்திரபாரா மாவட்டத்தைப் பற்றி அறிந்துகொள்வது நலம். வெள்ளத்தாலும் புயலாலும் அடிக்கடி அழியும் வேளாண் பூமி. பிரிட்டிஷார் காலத்தில் கல்கத்தாவுக்குப் பிழைக்கச் சென்ற அப்பகுதி இளைஞர் அங்குக் குழாய் வேலை கற்றனர். அண்ணன் தம்பியை அழைத்தான். மாமன் மருமகனை அழைத்தான். இன்று இந்தியப் பெருநகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் பட்டாமுண்டாய் வட்டாரத்துப் பிளம்பர்களைக் காணாத இடமில்லை. அரசே அங்கே குழாய்த் தொழிலுக்கென ஒரு பயிற்சி நிறுவனத்தை நடத்துகிறது. ஏழை மாவட்டம் ஒன்று ஒரு கைத்தொழிலைப் பற்றிக்கொண்டு தலைநிமிர்ந்தது.

தொழிலில் ஒரு சோதனையும் உண்டு. பொருள் வாங்கும் கடையில் வீட்டுக்காரர் அறியாமல் கமிஷன் பெறுவது வழக்கமாகிவிட்டது. "எல்லோரும் வாங்குகிறார்கள், சாமி" என்பர். வாங்கும் கமிஷனுக்காகத் தரங்குறைந்த குழாயை நல்லதென்று சொல்லிப் பதிப்பவன், சுவருக்குள் ஒரு பொய்யைப் புதைத்து வைக்கிறான். ஐந்து ஆண்டில் அது ஈரமாக வெளிவரும். கூலியைக் கூடுதலாகவே வெளிப்படையாகக் கேளுங்கள், அது நேர்மை.

பெற்றோர் தம் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லியனுப்ப வேண்டியது வேறொன்று. கழிவுத் தொட்டிக்குள் எவர் இறங்கச் சொன்னாலும் இறங்கலாகாது. அதனுள் தேங்கும் நச்சுக்காற்று, மூச்சு இரண்டு இழுப்பதற்குள் ஆளை வீழ்த்திவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மடிந்த செய்திகளை நாளிதழ்களில் படிக்கிறோம். தகுந்த பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. பிள்ளை போனபின் இழப்பீட்டை வைத்துக்கொண்டு எந்தத் தாய் என்ன செய்வாள்? இயந்திர வண்டியை வரவழைக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

18 வயது நிறைந்தவுடன் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1994-இல் அமைந்த இவ்வாரியத்தில் குழாய்த் தொழிலாளருக்கும் இடமுண்டு. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியவை பதிவு செய்து, அதனை உரிய காலத்தில் புதுப்பித்தவருக்கே கிடைக்கும். புதுப்பிக்க மறந்துவிட்டு, விபத்து நேர்ந்தபின் அட்டையைத் தேடுவோர் பலர்.

வளைகுடா ஆசை வராத வீடு இம்மாவட்டத்தில் ஏது? போகட்டும், ஆனால் கற்று முடித்துப் போகட்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்க்குக் குடிபெயர்வு அனுமதி தேவை என்பதையும், உரிமம் பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு கட்டணம் பெறக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கேட்பவர் உரிமம் உடையவர்தாமா என்று இந்திய அரசின் இணையப் பட்டியலில் பார்த்துவிடலாம். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். ஒப்பந்தத்தில் 'பிளம்பர்' என்று எழுதியிருக்கிறதா, 'உதவியாள்' என்று எழுதியிருக்கிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் அத்தாளை எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.