விதைக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீர்

அரிமளத்தில் கடலை விதைப்பு முடிந்த ஒரு வாரத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “எங்க வயல்ல பாதிக்கு மேல முளைக்கவே இல்ல சார்” என்றாள். காய் உடைக்கும் வேலை மிச்சம் என்று அவள் அப்பா முன்கூட்டியே உடைத்த பருப்பை வாங்கி, கோடை முழுவதும் தகரக் கொட்டகையில் சாக்கில் வைத்திருந்தார். மிஞ்சிய பருப்பைக் கொண்டுவரச் சொன்னேன். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, நிறமும் மாறவில்லை.

கெட்டது உள்ளே. கடலைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அதில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள். வெப்பமும் ஈரமும் கூடும்போது இவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடுகளாகின்றன. நாம் சிக்கு வாடை என்று சொல்வது இதன் விளைவுதான். ஆனால் வாடை வருமுன்பே செல் சவ்வு பழுதாகிவிடும்; அதுவும் கொழுப்பால் ஆனதுதானே! நொதிகளும் செயலிழக்கின்றன. அப்படிப்பட்ட விதை மண்ணில் ஈரத்தை உறிஞ்சியதும், சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள் எல்லாம் வெளியே கசிகின்றன. முளைக்கான உணவு மண்ணிலுள்ள பூஞ்சைக்கு விருந்தாகிறது. விதை அழுகுகிறது.

இந்தக் கசிவை வகுப்பில் அளக்கலாம். கேன் தண்ணீர் விற்கும் வீட்டுப் பையன் டிடிஎஸ் மீட்டர் கொண்டுவந்தான். புதிதாக உடைத்த பருப்பு 20, பழைய பருப்பு 20. ஒரே அளவு கேன் தண்ணீரில் தனித்தனிக் குவளைகளில் இரவு முழுவதும் ஊறின. காலையில் பழைய பருப்பு ஊறிய நீரில் எண் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. (முதல் முறை நான் உடைந்த பருப்புகளையும் சேர்த்துப் போட்டு, முடிவு குழம்பிப்போனது. முழுப் பருப்பாகப் பொறுக்குங்கள்.)

விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்பது ஹாரிங்டன் தந்த தோராய விதி. எனவே கடலையை ஈரப்பதம் 8-9 விழுக்காட்டுக்கு வரும்வரை காயவைத்து, காயாகவே, காற்றோட்டமான நிழலில் வைப்பது நல்லது. ஓடு ஒரு கவசம். மாவுச்சத்து மிகுந்த நெல் இவ்வளவு விரைவில் கெடாது. நம் மாவட்டத்து வம்பன் ஆராய்ச்சி மையத்தின் உளுந்து ரகங்களை மாணவர்கள் அறிவார்கள். உளுந்தில் எண்ணெய் குறைவு, அங்கே முதல் எதிரி வண்டு.

சான்று விதைக்கு அரசு வகுத்த குறைந்தபட்ச முளைப்புத்திறன் கடலைக்கு 70, உளுந்துக்கு 75, நெல்லுக்கு 80 விழுக்காடு. அடுத்த பருவத்தில் அந்த மாணவி, விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டு விதையில் 100 எண்ணி எடுத்து வந்தாள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தோம். பத்தாம் நாள் 62 முளைத்திருந்தன. அவள் அப்பா அந்த மூட்டையைச் செக்குக்கு அனுப்பிவிட்டு, வேறு விதைக்கடலை வாங்கினார்.