இரண்டு இன்ஜின்களில் நாற்பது ஆண்டு

ஹெரால்டு காரின் பானெட்டைத் திறப்பதை முதல்முறை பார்க்கிறவர் கொஞ்சம் திகைத்துப்போவார். மற்ற கார்களில் ஒரு தகடு மட்டும் மேலே எழும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து காரின் முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னால் கவிழும். இன்ஜினும் ஸ்டீயரிங்கும் முன்பக்க ஸ்பிரிங்குகளும் வெட்டவெளியில் கிடக்கும். மெக்கானிக் ஒரு துணியை விரித்து முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். இடுப்பொடியக் குனிய வேண்டாம். மெக்கானிக்கின் முதுகை நினைத்து வரைந்த கார்கள் உலகத்தில் அதிகமில்லை.

இந்தக் காரை வண்டலூரில் செய்தார்கள். வண்டலூர் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு ஜூதான் ஞாபகம் வரும். அவர்களுடைய தாத்தாக்களைக் கேட்டால் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி என்பார்கள். 1948இல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர ஸ்டாண்டர்டு நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது அது. அதே ஆண்டில்தான் ஆஸ்டின் கார்களைப் பூட்ட அசோக் மோட்டார்ஸும் சென்னையில் பிறந்தது. அசோக் பின்னாளில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது. ஸ்டாண்டர்டு காரை விடவில்லை. 1950களில் வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டும் கம்பெனிகளை அரசு ஊக்குவிக்க மறுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நாட்டைவிட்டுப் போயின. கார் சந்தையில் மிஞ்சியவர்கள் மூவர்: உத்தரபாராவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், வண்டலூரின் ஸ்டாண்டர்டு. கவென்ட்ரியில் 1903இல் பிறந்த ஸ்டாண்டர்டு என்ற கார்ப் பெயரை, தாய்க் கம்பெனியை வாங்கிய லேலண்ட் 1963இல் கைவிட்டது. வண்டலூரில் அந்தப் பெயர் 1988 வரை ஓடியது.

மூவரில் சின்னவரான இந்தக் கம்பெனி ஏன் மறைந்தது என்று கேட்டால், லைசன்ஸ் ராஜ் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே ராஜ்ஜியத்தில்தான் இந்துஸ்தானின் அம்பாசடரும் பிரீமியரின் பத்மினியும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. ஸ்டாண்டர்டு நாற்பது ஆண்டுகளில் விதவிதமான பாடிகளைச் செய்தது. அவற்றுக்குள் இருந்தது ஏறத்தாழ இரண்டே இன்ஜின் குடும்பங்கள். கதையை அங்கிருந்து பார்த்தால்தான் தெளிவாகிறது.

சின்ன இன்ஜின் 948 சிசி. பிரிட்டனில் 1950களின் ஸ்டாண்டர்டு டென் காருக்காக வந்தது. அதை வைத்துக்கொண்டு 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற புதிய காரை அங்கே செய்யப்போனபோது ஒரு சிக்கல். கவென்ட்ரி ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி 1953இல் வாங்கியிருந்தது. பாடியும் சட்டகமும் ஒன்றாகப் பற்றவைத்த மோனோகாக் கார் செய்யப் பெரிய பிரஸ்களும் பெரிய ஆலையும் வேண்டும். அதற்கு வழியில்லை. ஆகவே பழைய பாணிக்குத் திரும்பினார்கள்: கீழே தனி சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முறுக்கிய பாடி. உருவத்தை இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்தார். வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடு இந்தியாவுக்கு நன்றாகவே பொருந்தியது. பெட்டிகளில் வந்த பாகங்களைச் சின்ன ஆலையில் பூட்டலாம். ஒவ்வொரு பாகமாக உள்நாட்டுக்கு மாற்றலாம். 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டலூரிலிருந்து வந்தது. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு விற்ற காருக்கு இங்கே நான்கு கதவு வைத்த மாடலும் பிறகு வந்தது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்கள் முன்சீட்டை மடக்கி மாமியாரைப் பின்னால் ஏற்ற முடியுமா?

போல்ட் போட்ட பாடிக்கு ஒரு எதிரி உண்டு, உப்புக்காற்று. தெற்கு அந்தமானின் டாலிகஞ்ச் பக்கமோ நம் திருவான்மியூரோ, கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். காற்றில் வரும் உப்புத்துகள் தகட்டின்மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. மழை பெய்யாத நாளிலும் இரும்பின்மேல் மெல்லிய நீர்ப்படலம் காயாமல் இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் அந்த நீரை நல்ல மின்கடத்தியாக்கி அரிப்பை முடுக்கிவிடுகின்றன. இரண்டு தகடுகள் சேரும் இடுக்குகளில்தான் ஈரம் அதிக நேரம் நிற்கும். ஹெரால்டில் அத்தகைய இடுக்குகளுக்குக் குறைவே இல்லை. நல்லதும் அதிலேயே இருந்தது. ஒரு பக்கம் அரித்தால் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். ஸ்பேர் கைக்கெட்டுகிற வரைக்கும்தான் அந்தச் சௌகரியம். காரும் ஸ்பேரும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டிய தீவில், ஆலை மூடிய காரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது கடினம்.

ஹெரால்டின் உண்மையான வம்பு பின்பக்கத்தில் இருந்தது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பின்னால் இருப்பது ஒரே கட்டையான ஆக்சில். ஹெரால்டில் அப்படியில்லை. நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் ஹவுசிங்கைச் சேசிஸோடு இறுக்கிவிட்டு, அதிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு பாதி ஆக்சில். ஒவ்வொன்றும் தன் உள்முனையில் இருக்கிற ஜாயின்ட்டில், கதவு கீலில் திரும்புவதுபோல மேலும் கீழும் திரும்பும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். குறுக்கே கிடக்கும் ஒரே ஸ்பிரிங் பட்டைதான் இரண்டையும் தாங்குகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது அசையாது. அது நன்மை. ஆனால் சக்கரம் நேர்கோட்டில் ஏறி இறங்காமல் வட்டத்தின் வில்லில் போவதால், ஏற இறங்க அதன் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆறு பேர், கூரைமேல் பெட்டி படுக்கை என்று ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும். சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும், கால்கள் வெளியே அகலும். பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும், தரைப்பிடி சட்டென்று குறையும். பிரிட்டனில் விமர்சகர்கள் இதைக் கண்டித்து எழுதினார்கள். இங்கே வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை.

வண்டலூர்க்காரர்கள் செய்த பதில்தான், என் கணக்கில், அந்தக் கம்பெனியின் மிக நல்ல வேலை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டைத் திருத்தி ஸ்டாண்டர்டு கெஸல் என்று வெளியிட்டார்கள். நான்கு கதவு, மாற்றிய முகம், பின்னால் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு ஒரே கட்டையான ஆக்சில். காகிதத்தில் பார்த்தால் இது பின்னோக்கிய அடி. நம் ரோட்டுக்கும் நம் சுமைக்கும் நம் மெக்கானிக்கின் ஸ்பேனருக்கும் அதுவே சரி. அழகில் மிக்கெலோட்டியிடம் தோற்றது என்பதை மறைக்க வேண்டாம்.

கெஸலுக்குள் இருந்தது அதே 948 சிசிதான். ஏன் புதிய இன்ஜின் செய்யவில்லை? பாடித் தகட்டை அச்சு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தலாம். புதிய இன்ஜினுக்கு வார்ப்பு, கடைசல், கிராங்கைச் செய்யும் இயந்திரங்கள் என்று எல்லாம் புதிதாக வேண்டும். அந்த முதலீட்டை ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்களின் தலையில் கட்டினால் கார் விலை எங்கோ போய்விடும். விலையை ஏற்றவும் கம்பெனிக்குச் சுதந்திரமில்லை. 1969இல் மூன்று கம்பெனிகளின் கார்களுக்கும் அரசே விலை வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்நியச் செலாவணிக்கும் உற்பத்தி அளவுக்கும் தனித்தனி அனுமதி. நிறைய விற்றால்தான் புது இன்ஜின், புது இன்ஜின் இருந்தால்தான் நிறைய விற்கும். 1977 வாக்கில் கெஸலும் நின்றது. அதன்பின் ஏறத்தாழ எட்டு ஆண்டு கார் இல்லை. ஸ்டாண்டர்டு 20 வேன் மட்டும்.

அந்த வேனில் இருந்தது இரண்டாவது இன்ஜின் குடும்பம். கவென்ட்ரியில் உலகப்போர் முடிந்த கையோடு வாங்கார்டு காருக்கும் ஃபெர்குசன் டிராக்டருக்கும் பொதுவாகச் செய்த நான்கு சிலிண்டர் இன்ஜின் அது. வெட் லைனர் வகை. அதாவது சிலிண்டரைப் பிளாக்கிலேயே குடையாமல், தனிக் குழாய்களாகச் செருகியிருப்பார்கள். குளிர்விக்கும் தண்ணீர் அந்தக் குழாயின் வெளிப்பக்கத்தை நேரடியாகத் தொட்டு ஓடும். தேய்ந்தால் பிளாக்கைக் கழற்றிப் போர் போட அனுப்ப வேண்டாம், லைனரை உருவிப் புதிதைச் செருகினால் போதும். இன்னொரு வசதி, லைனரை மாற்றி விட்டத்தையே மாற்றலாம். 85 மில்லிமீட்டர் போட்டால் 2088 சிசி, 83 போட்டால் 1991 சிசி. வயலில் உழுத இந்தக் குடும்பம்தான் ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் போனது. அபாரமான உழைப்பாளி, ஐம்பதுகளுக்கு.

1985இல் வண்டலூர் அதை ரோவருக்குள் வைத்தது.

ரோவர் எஸ்டி1, டேவிட் பாச் வடிவமைத்தது. நீண்டு தாழ்ந்த மூக்கு, சரிந்த முதுகு. 1977க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. அதன் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் 155 குதிரைத்திறன் கொடுத்தது. பிரிட்டனில் ஓய்வுக்கு வந்துகொண்டிருந்த அந்தக் காரின் அச்சுகளை இங்கே கொண்டுவந்து, நம் ரோட்டுக்காக உயர்த்திக் கட்டி, வேனின் 1991 சிசி இன்ஜினைப் பூட்டி ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டார்கள். கிடைத்தது சுமார் 83 குதிரைத்திறன். இந்தியாவில் அன்று தயாரான கார்களில் விலை கூடியவற்றில் ஒன்று.

கணக்கைப் பார்ப்போம். காரின் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. அப்படியானால் ஒரு டன்னுக்கு 64 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது, ஆனால் எடையும் 650 கிலோவைத் தாண்டவில்லை. டன்னுக்குக் கிட்டத்தட்ட 60. ரோவர் பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது மாருதியின் பிக்கப். அதையும் இன்ஜினை முடுக்கித்தான் எடுக்க வேண்டும். ஸ்டாண்டர்டு இன்ஜினின் பிஸ்டன் ஒரு தடவைக்கு 92 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டும். மாருதியின் 72 மில்லிமீட்டருக்கு அதே சுற்றில் 12 மீட்டர்தான். நீண்ட ஸ்ட்ரோக் இன்ஜின் மெதுவாகச் சுற்றிப் பாரம் இழுக்கவே லாயக்கு. டிராக்டருக்கு அது வரம்.

பெட்ரோல் கணக்கு இன்னும் மோசம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1,300 கிலோ காரில் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 125 கிலோஜூல். சிக்னலில் பிரேக் போட்டால் அவ்வளவும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாகி வீணாகும். பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மறுபடி அந்த வேகத்தை எட்ட சுமார் 20 மில்லி பெட்ரோல் வேண்டும். தாம்பரத்திலிருந்து மவுண்ட் ரோடு போய்த் திரும்புவதற்குள் 50 தடவை நின்று கிளம்பினால் அதற்கே ஒரு லிட்டர் போச்சு. பாதி எடையுள்ள மாருதிக்கு அதில் பாதி. மைலேஜ் கேட்டுக் கார் வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. விலை சின்னதாக, இன்ஜின் புதிதாக, பாகங்கள் எளிதாக ஒரு கார் பக்கத்திலேயே நிற்கிறது.

கெஸலில் ரோட்டையும் சுமையையும் பார்த்துக் காரை மாற்றிய அதே கம்பெனி, ஸ்டாண்டர்டு 2000 விஷயத்தில் கார் வாங்குகிறவரைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் கேட்டது சிக்கனமான இன்ஜின். அவர்களிடம் கிடைத்ததோ இறக்குமதி அச்சில் ஒரு பாடி. சில ஆயிரம் கார்களோடு 1988இல் உற்பத்தி நின்றது. பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஆலை நிலத்தில் இன்று ஐடி அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன.

ஆலையில் பூட்டாமல் மிஞ்சிக் கிடந்த எஸ்டி1 பாகங்களை, லிங்கன் நகரத்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாகக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றிப் பிரிட்டனுக்கே கொண்டுபோனது. அங்கே பழைய ரோவர் வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல சரக்கு. இங்கே ஸ்டாண்டர்டு 2000 வாங்கியவர்களில் சிலர் காரை விற்கவும் மனமில்லாமல், பெட்ரோலுக்குக் கட்டியும் மாளாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெக்கானிக் ஷெட்டில் காரை விட்டு, பழைய இன்ஜினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள்.