மூச்சு முட்டும்போது நெல் எடுக்கும் முடிவு

நெல் தண்ணீரிலேயே நின்று வளரும் பயிர். முழுசாக மூழ்கினால் ஒரு வாரம், பத்து நாளில் செத்துப்போகும் பயிரும் அதுதான். காவிரி டெல்டாவில் சம்பா நட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்று வேர்பிடித்துத் தூர் கட்டத் தொடங்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். வடிகால் கொள்ளாமல் தண்ணீர் எதிர்த்து ஏறி வயலை மூடிவிடும். பயிரின் நுனிகூட வெளியே தெரியாது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், பயிர் வெளிறிப்போய், நீளநீளமாகச் சேற்றில் படுத்துக் கிடக்கும். பிடித்து இழுத்தால் தண்டு கொழகொழவென்று கையோடு வந்துவிடும்.

அதே ஊரில், அதே ஆழத்தில், அத்தனை நாளும் மூழ்கிக் கிடந்த இன்னொரு வயலில் வேறு காட்சி. பயிர் குட்டையாக இருக்கும். வெளி இலைகள் அழுகியிருக்கும். ஆனால் அவற்றை விலக்கிப் பார்த்தால் நடுக்குருத்து பச்சையாக, விறைப்பாக நிற்கும். சில நாட்களில் அதிலிருந்து புது இலை புறப்பட்டுவிடும். அந்த வயலில் நட்டது பெயருக்குப் பின்னால் ‘சப்-1’ என்று சேர்ந்த ரகம் என்றால், இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பங்கு காரணம் சப்1ஏ என்ற ஒரே ஒரு மரபணு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ள ஒரு செடியில் ஒன்றே ஒன்று. அது செடிக்குக் கொடுக்கும் கட்டளையும் விசித்திரமானது: வளராதே, காத்திரு.

மூளையோ கண்ணோ இல்லாத ஒரு செடிக்கு, தான் மூழ்கிவிட்டது என்பது எப்படித் தெரிகிறது?

தண்ணீருக்குள் வாயுக்கள் நகரும் வேகம், காற்றில் நகரும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இதிலிருந்துதான் எல்லாத் துன்பமும் தொடங்குகிறது. வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வர முடிவதில்லை; ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் வருவதில்லை. வெள்ளநீர் கலங்கலாக இருப்பதால் வெளிச்சமும் போதாது. நெல்லின் இலை தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு கொண்டது. அதனால் மூழ்கிய இலையைச் சுற்றி வெள்ளித் தகடுபோல ஒரு மெல்லிய காற்றுப்படலம் சில நாட்கள் தங்கியிருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை செடி ஓரளவு மூச்சுவிடும். பிறகு அதுவும் கரைந்துபோகும்.

உள்ளே வர முடியாததைப் போலவே, வெளியே போக முடியாததும் ஒன்று உண்டு. பொதுவாகச் செடிகளின் செல்கள் எத்திலீன் என்ற வாயுவைச் சிறிதளவு உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் இந்த வாயுதான். சாதாரண நாளில் அது உண்டான வேகத்தில் காற்றில் கலந்து மறைந்துவிடும். மூழ்கிய செடியில் அதற்குப் போக்கிடமில்லை, திசுக்களுக்குள் தேங்கிவிடுகிறது. செல்லுக்கு வெள்ளச் செய்தி போய்ச் சேர்வது இந்தத் தேக்கத்தின் வழியாகத்தான். செல்லுக்குள் இருக்கும் ஏற்பிப் புரதங்களில் எத்திலீன் போய் ஒட்டுகிறது. அங்கிருந்து சங்கிலித் தொடராகச் செய்தி கைமாறி உட்கருவை எட்டுகிறது. டிஎன்ஏவில் அதுவரை மூடிக்கிடந்த சில மரபணுக்கள் அங்கே படிக்கப்படுகின்றன, அவற்றின்படி புதுப் புரதங்கள் தயாராகின்றன.

வழக்கமான நெல் ரகங்களில் இதன் விளைவு, தலையை வெளியே நீட்டும் அவசரம். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கை ஓங்குகிறது. செல்சுவர்கள் தளர்ந்து இலையும் தண்டும் கிடுகிடுவென நீளுகின்றன. முழங்கால் அளவுத் தண்ணீர் என்றால் இது நல்ல யோசனைதான், இலைநுனி வெளியே வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆழமான வெள்ளத்தில் எவ்வளவு நீண்டாலும் காற்று எட்டாது. அதற்குள் செலவு எக்கச்சக்கமாகிவிடும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு அதன் ஆற்றல் நாணயமான ஏடிபி 30 அளவில் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் நொதித்தல் முறையில் கிடைப்பது வெறும் 2. வருமானம் இப்படி விழுந்திருக்கும் நேரத்தில் நீட்டி வளர்வது, அடைமழைக் காலத்தில் பத்தாயத்து நெல்லை முதல் வாரத்திலேயே அள்ளிக் கொட்டிச் சமைத்துவிடுவதற்குச் சமம். தண்டிலும் இலையடியிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்த நாளில் செடி விழுந்துவிடுகிறது. தண்ணீர் வடியும்போது தன்னைத் தானே தாங்கி நிற்கக்கூட அதில் வலு இருப்பதில்லை.

சப்1ஏ மரபணு உள்ள செடியிலும் அதே எத்திலீன்தான் தேங்குகிறது, அதே அபாயச் செய்திதான் போகிறது. ஆனால் செய்தி கிடைத்ததும் உண்டாகும் சப்1ஏ புரதம், டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ செய்யும் வகையைச் சேர்ந்தது. அதன் பிடி விழுந்ததும் ஜிப்ரலினுக்கு முட்டுக்கட்டை போடும் டெல்லா வகைப் புரதங்கள் கூடுகின்றன. ஜிப்ரலின் இருந்தும் அதன் சொல் எடுபடுவதில்லை. செல்சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின்களும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதியும் குறைகின்றன. நொதித்தலுக்கு வேண்டிய நொதிகளோ கூடுகின்றன. எத்திலீன் உற்பத்தியையேகூட இந்தப் புரதம் மட்டுப்படுத்துகிறது. அபாயச் சங்கு அளவுக்கு மீறி ஒலிக்க அது விடுவதில்லை. இப்படி ஏறக்குறைய 2 வாரம் செடி உயிரைப் பிடித்து வைத்திருக்கும்.

இந்த மரபணுவின் பூர்வீகம் ஒடிசா. அங்கே வெள்ளம் சூழும் தாழ்நிலங்களில் காலங்காலமாகப் பயிரிட்டுவந்த தால்புட்டியா என்ற நாட்டு ரகத்திலிருந்து எஃப்ஆர்13ஏ என்ற தேர்வு பிரித்தெடுக்கப்பட்டது. மூழ்கினாலும் பிழைக்கும் என்று அதற்குப் பெயர் இருந்தது, விளைச்சல்தான் குறைவு. பயிர்ப்பெருக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அதை நல்ல விளைச்சல் தரும் ரகங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணம் வந்தது, கூடவே வேண்டாத குணங்களும் வந்தன. விவசாயிகள் ஏற்கவில்லை. 1996-ல் கெனோங் ஷுவும் டேவிட் மெக்கிலும் இந்தக் குணத்துக்குரிய, சப்1 எனப்படும் இடம் நெல்லின் 12 குரோமோசோம்களில் 9-ஆவதில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அவர்களோடு பமேலா ரொனால்டு, ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் சேர்ந்த குழு சப்1ஏ மரபணுவையே அடையாளம் காட்டியது. தால்புட்டியாவைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காப்பாற்றிய ஒடிசா உழவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்தக் கட்டுரைகளும் இல்லை.

3 ஆண்டுகள் கழித்து, ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மோட்டோயுகி அஷிகாரியின் குழு இதற்கு நேர் எதிரான கதையைக் கொண்டுவந்தது. வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் பல அடி ஆழத்தில் நிற்கும் வெள்ளத்தில் விளையும் ஆழ்நீர் நெல் உண்டு. அது தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறும். ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் நீளக்கூடியது. இந்தத் திறனுக்குக் காரணமாக அந்தக் குழு கண்ட இரண்டு மரபணுக்களுக்கு, நீருக்கடியில் நீந்துபவர்கள் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழலின் பெயரான ஸ்நார்கெல் சூட்டப்பட்டது. வியப்பு என்னவென்றால், ஸ்நார்கெல்லும் சப்1ஏவும் ஒரே குடும்பத்து மரபணுக்கள். இரண்டையும் எழுப்புவது அதே எத்திலீன். ஒன்று ஜிப்ரலினை அடக்கிச் செடியை நிறுத்துகிறது, மற்றது ஜிப்ரலினைக் கூட்டிச் செடியை ஓடவிடுகிறது. 10 நாளில் வடியும் வெள்ளத்துக்கு முதலாவது சரி, 4 மாதம் நிற்கும் வெள்ளத்துக்கு இரண்டாவதுதான் சரி. எந்த வெள்ளம் என்று செல்லுக்கு முன்கூட்டித் தெரியாது. அந்தந்த நிலத்தில் பிழைத்த செடிகளின் விதையே மறு ஆண்டு விதைப்புக்கு வந்ததால், ஒவ்வொரு நிலத்தின் வெள்ளத்துக்கும் ஏற்ற விடை அந்தந்த ரகத்தின் டிஎன்ஏவில் தங்கிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு அதிசயம் ஒளிந்திருந்தது. 2011-ல் வெளியான இரண்டு ஆய்வுகள், அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் உள்ள இதே வகைப் புரதங்கள் ஆக்சிஜன் இருப்பதையும் இல்லாததையும் நேரடியாகக் காட்டிக்கொடுக்கின்றன என்று கண்டன. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீண்ட கோவை. இந்தப் புரதங்களில் முதலாவது மெத்தியோனின், இரண்டாவது கந்தகம் கொண்ட சிஸ்டீன். ஒரு நொதி மெத்தியோனினைக் கத்தரித்துவிட, சிஸ்டீன் முன்னுக்கு வந்துவிடும். செல்லில் ஆக்சிஜன் இருந்தால் வேறொரு நொதி அதை எடுத்து சிஸ்டீனின் கந்தகத்தில் ஏற்றிவிடும். அப்படி ஏறிய இடத்தில் ஆர்ஜினின் வந்து சேரும். அந்த அடையாளத்தைக் கண்டதும் செல்லின் அழிப்புக்கூடமான புரோட்டியசோமுக்குப் புரதம் அனுப்பப்பட்டுத் துண்டுதுண்டாகும். ஆக்சிஜன் குறைந்தால் முதல் கண்ணியே அறுந்துவிடுகிறது. சிஸ்டீன் அப்படியே இருக்கும், புரதமும் பிழைக்கும். பிழைத்த புரதம் உட்கருவுக்குப் போய் நெருக்கடிக்கால மரபணுக்களை எழுப்பும்.

தயாரித்துக்கொண்டே இருப்பது, தயாரித்ததை உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருப்பது. பார்த்தால் வீண்செலவாகத்தான் தெரிகிறது. ஆனால் மரபணுவைப் படித்து, அதை ஆர்என்ஏவாக எழுதி, பின் புரதமாகக் கோத்து முடிக்க நேரம் பிடிக்கும். அழிப்பதை நிறுத்துவதற்கு அந்தத் தாமதம் கிடையாது. மூச்சு முட்டும் செல் அந்த வேகத்துக்காகத்தான் தினமும் இந்த விலையைக் கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் உடம்பும் இதே வழியைத்தான் கண்டிருக்கிறது. ஹிஃப் என்ற புரதம் நம் செல்களில் ஓயாமல் உருவாகி ஓயாமல் அழிகிறது. ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் அழியாமல் நின்று, சிவப்பணுக்களைக் கூட்டவும் புது ரத்தக்குழாய்கள் விடவும் மரபணுக்களை ஏவுகிறது. இதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. நம்மிடம் ஆக்சிஜன் ஏறுவது புரோலின் என்ற அமினோ அமிலத்தில், செடியில் சிஸ்டீனில். புரதங்கள் வேறு, நொதிகள் வேறு, தந்திரம் ஒன்று.

ஆனால் சப்1ஏ புரதம் இந்த அழிப்பிலிருந்து தப்பிக்கிறது. தலைப்பகுதியில் சிஸ்டீன் இருந்தும், தன் வால்பகுதியால் அதை மறைத்துக்கொள்வதாக 2019-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வெள்ளம் வடிந்து ஆக்சிஜன் திடீரெனப் புகும் நேரமும் செடிக்கு ஆபத்தானதுதான். அப்போது உண்டாகும் வீரிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லைச் சிதைக்கும், இலை நீரிழந்து சுருளும். அந்தக் கட்டத்திலும் சப்1ஏ கைகொடுக்கிறது. வறட்சியைத் தாங்கவும் அது உதவுவதை 2011-ல் பெய்லி-செரஸ் குழு காட்டியது.

மரபணுவின் இடம் தெரிந்தபின் பயிர்ப்பெருக்கம் எளிதாயிற்று. ஆந்திரத்தில் பிறந்து கிழக்கிந்தியா முழுக்கப் பரவிய சுவர்ணா ரகத்தோடு, சப்1 உள்ள செடியை வழக்கமான மகரந்தச் சேர்க்கையால் கலந்தார்கள். வந்த வாரிசுகளை மறுபடி மறுபடி சுவர்ணாவோடே சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத்துணுக்கு ஒன்றைக் கிள்ளி டிஎன்ஏவைப் பார்த்து, சப்1 துண்டும் மற்றபடி முழுக்கச் சுவர்ணாவும் உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2009-ல் சுவர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. டெல்டாவில் பழக்கமான நீண்டகால ரகமான சி.ஆர்.1009-லும் இதே முறையில் சப்1 சேர்க்கப்பட்டு விவசாயிகள் கைக்கு வந்தது.

ஒடிசா கிராமங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வின் முடிவு எனக்கு மறக்க முடியாதது. 10 நாள் மூழ்கிய வயல்களில் சுவர்ணாவைவிடச் சுவர்ணா-சப்1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்திருந்தது. வெள்ளம் வராத வயல்களில் இழப்பு ஏதுமில்லை. பலன் அதிகம் கிடைக்கக்கூடியவர்கள் பட்டியல் சாதி விவசாயிகள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளம் முதலில் ஏறும் பள்ளநிலம். யாரும் விரும்பாத நிலத்தைப் பங்காகப் பெற்ற குடும்பங்களுக்கு ஒரு புரதம் இப்படி வந்து உதவியிருக்கிறது.

சப்1ஏ எல்லா வெள்ளத்துக்கும் மருந்தல்ல. அரையாள் ஆழத்தில் மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீரில், வளராமல் காத்திருக்கும் செடி தோற்றுப்போகும். நேரடி விதைப்புச் செய்த வயலில் முளைக்குமுன்பே மழை வந்து விதை மூழ்கினாலும் அது உதவாது. விதைக்குத் தேவை அடக்கம் அல்ல. உள்ள மாவுச்சத்தையெல்லாம் வேகமாகச் செலவழித்து முளைக்குருத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தாக வேண்டும். அதற்குரிய மரபணுவை மியான்மரின் கௌ லான் ஆன் என்ற நெல்லிலிருந்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2015-ல் பிரித்தறிந்தார்கள். செல்லுக்குள் ‘சர்க்கரை கையிருப்பு போதும்’ என்று சொல்லும் ஒரு மூலக்கூறு உண்டு. இந்த மரபணு தரும் நொதி அந்த மூலக்கூறை உடைத்து அகற்றுகிறது. தனக்குப் பற்றாக்குறை என்று எண்ணும் விதை, மாவுச்சத்தை முழுவீச்சில் கரைக்கத் தொடங்குகிறது.

விதையாக இருக்கையில் அள்ளிச் செலவழிக்கவும், பயிரான பின் அடக்கி வைக்கவும் ஒரே செடியால் முடியுமா? இரண்டு மரபணுக்களும் வேலை செய்யும் பருவம் வேறுவேறு என்பதால் முடியும் என்றே தெரிகிறது. இந்தோனேசியாவின் சிஹெராங் என்ற ரகத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தும் பார்த்துவிட்டார்கள். நாகைப் பக்கம் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு, முளைக்கும்போது ஒரு மழையையும் தூர் கட்டும்போது ஒரு வெள்ளத்தையும் சந்திக்கும் வயல்களுக்கு வேண்டியதும் இந்தக் கூட்டணிதான்.