'வயசாயிடுச்சு' என்பது நோயின் பெயர் அல்ல

"பூனைக்கு வயசாயிடுச்சு, அதான் படுத்தே கிடக்கு." பர் துபாயில் பூனை வளர்க்கும் தமிழ் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஊரில் அம்மாவின் முழங்கால் வலிக்கும் இதையே சொல்லித்தான் நம்மில் பலர் வருடங்களை ஓட்டினோம். வயது நோய் அல்ல. மூட்டு வலிதான் நோய், அதற்கு வைத்தியம் உண்டு. இப்போது துபாயின் கால்நடை கிளினிக்குகள் சொல்லும் வைத்தியங்களில் லேசரும் ஒன்று. பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கள் வீட்டுச் சுந்தரிக்கு 13 வயது. மீனா பஜார் பக்கம் ஒரு கார் பார்க்கிங்கில் குட்டியாகக் கிடைத்தவள். அப்போது என் மகளுக்கு 4 வயது. இருவரும் ஒரே சின்ன ஃபிளாட்டில் சேர்ந்து வளர்ந்தவர்கள். சுந்தரி ஜன்னலுக்குத் தாவுவதை நிறுத்தியபோது, "அப்பா, அவளுக்கு வலிக்குதுப்பா" என்று முதலில் சொன்னது மகள்தான். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். லேசர் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். மொத்தச் செலவு எங்கள் ஒரு மாத மளிகை பில் அளவுக்கு வந்தது. "இது நிஜமா வேலை செய்யுமா, இல்ல சும்மா லைட்டா?" என்று கேட்டாள் மனைவி. எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்த வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, முடி மழித்த எலிகள் மீது அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடிதான் சீக்கிரம் வளர்ந்தது. சிவப்பு ஒளியும் அதை அடுத்த அகச்சிவப்பு ஒளியும் தோலைத் தாண்டி உள்ளே போகும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அதை உறிஞ்சிக் கூடுதல் சக்தி உண்டாக்கும், வீக்கமும் வலியும் குறையும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மயக்க மருந்து வேண்டாம். ஒரு மூட்டுக்குச் சில நிமிடங்கள் போதும்.

பலன் உண்டா? 2018இல் கனடாவின் கால்நடை மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், முன்னங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 20 நாய்களில் ஒரு பகுதிக்கு நிஜ லேசரும், மற்றவற்றுக்குப் போலி லேசரும் கொடுத்தார்கள். நிஜ லேசர் பெற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வலி மாத்திரையைக் குறைக்க முடிந்தது. ஆனால் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் லேசர் கொடுத்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2012இல் ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வில் லேசர் பெற்ற நாய்கள் சீக்கிரம் நடந்தன. 2017இல் வந்த இன்னொரு ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. ஆக, லேசர் பொய் இல்லை, மந்திரமும் இல்லை. மற்ற வைத்தியத்தோடு சேரும் ஒரு துணை. சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு வலி மாத்திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அங்கே இந்தத் துணைக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு விஷயம், நம் கண்ணை நாமே நம்ப முடியாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தே இல்லாத போலி சிகிச்சை பெற்ற நாய்களின் நொண்டல் குறைந்துவிட்டதாக வளர்ப்பவர்கள் சுமார் 40 சதவீத நேரம் நம்பினார்கள். பாசமும் செலவழித்த பணமும் சேர்ந்தால் அப்படித்தான். அதனால் சிகிச்சைக்கு முன்பே வீட்டில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் மேஜையில் பூனை உறைந்து உட்கார்ந்துவிடும், அங்கே எதுவும் தெரியாது. சோபாவில் ஏறுவது, மணல் தட்டுக்குள் இறங்குவது இரண்டையும் வாரம் ஒரு முறை படம் பிடித்தால் போதும்.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். வலி எந்த மூட்டில்? கட்டி எதுவும் இல்லை என்று பார்த்தாச்சா? புற்றுக்கட்டியின் மேல் லேசர் காட்டக் கூடாது. எத்தனை முறைக்குப் பிறகு, பலன் இல்லையென்றால் நிறுத்துவோம்? அறையில் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உண்டா? கறுப்பு முடி ஒளியை அதிகம் உறிஞ்சிச் சூடாகும், அதற்கு என்ன செய்வீர்கள்? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. நம் ஃபிளாட்டுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை மூட்டு வலிக்குப் பெரிய எதிரி. ஊரிலிருந்து வந்த ஜமக்காளத்தை அதன் மேல் விரியுங்கள். காலியான கார்கோ பெட்டிக்குள் பழைய துணியை இறுக்கி அடைத்தால் சோபாவுக்குப் படி தயார். மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். தட்டுக்கு வெளியே போவது பல நேரம் அடம் அல்ல, வலி. எடையைக் குறையுங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு, கோடையில் நடை நின்றால் எடை ஏறும், தசை இளைக்கும். விடியற்காலையில் தரை சுடாத நேரத்தில் கொஞ்சமாவது நடத்துங்கள்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதது ஒன்று. வீட்டில் இருக்கும் பனடாலைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே ஒரு மாத்திரைகூட உயிரை எடுக்கும்.

சுந்தரியின் விஷயத்துக்கு வருகிறேன். லேசர், ஜமக்காளம், படி மூன்றும் ஒன்றாகத்தான் தொடங்கின. ஆறாவது வார வீடியோவில் அவள் படி வழியாக சோபாவில் ஏறுகிறாள். ஜன்னலுக்கு இன்னும் தாவவில்லை. எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதுகை மறுபடி நக்கிச் சுத்தம் செய்கிறாள். எங்களுக்கு அதுவே பெரிது.

12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. உங்கள் வீட்டுக் கிழப் பூனையும் பெரும்பாலும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும். விசா முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது முதலில் கைவிடப்படுவது இப்படி முடியாமல் கிடக்கும் பிராணிகள்தான். லேசருக்குப் பணம் இல்லை என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால், "வயசாயிடுச்சு, விடுங்க" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வாய் பேசாத ஜீவனுக்கு வலிக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.