மூடிய கண்ணுக்குத் தெரிந்த குளோரின்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று வளைந்து போகும் மலைச்சாலை கிளாவரையில் முடிகிறது. இந்த வழியில் வருபவர்கள் எல்லோரும் மலைப்பூண்டு வாங்க வருவதில்லை. பூம்பாறை குழந்தை வேலப்பரைப் போகர் பிரதிஷ்டை செய்தார் என்பது பரம்பரை நம்பிக்கை. அந்தச் சித்தர் உலவிய மலையில் அமர்ந்து கண்ணை மூடினால் உள்ளே ஒரு வெளி திறக்கும், தூரத்தில் நடப்பதும் நாளை நடக்கப்போவதும் அதில் தெரியும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. ஞானதிருஷ்டி என்பார்கள். காட்சி தெரிகிறதா என்றால், தெரிகிறது. அதில் சந்தேகமே வேண்டாம். தெரிந்தது வெளியே இருக்கும் எதையாவது காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நம்புகிறவரும் கேலி செய்கிறவரும் வருஷக்கணக்காக ஒரே சண்டையைப் போடுகிறார்கள்.

காட்சி ஏன் தெரிகிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பனிமூட்டம் இறங்கி எதிரே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகிவிட்டால், கண்ணுக்குப் பிடிப்பதற்கு ஒரு கோடுகூட இருக்காது. இப்படி ஒரே சீரான வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் வொல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930களிலேயே ஆராய்ந்தார். 1950களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒளி மட்டும் மங்கலாகப் புகும் கண்ணாடி அணிவித்துப் படுக்க வைத்தார்கள். முதலில் புள்ளிகள், கோடுகள். பிறகு முழுக் காட்சிகள். ஒருவர் அணில் கூட்டம் ஒன்று தோளில் பையைப் போட்டுக்கொண்டு அணிவகுத்துப் போவதைப் பார்த்தார். வெளியிலிருந்து செய்தி வராதபோது மூளை தன் கையிருப்பை எடுத்துக் கடை விரிக்கிறது. தியானத்தில் கண்ணையும் காதையும் ஒதுக்கி உட்காருகிறவருக்கும் பெருமளவு இதுவே நடக்கிறது என்பது என் கணிப்பு.

இதைச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்றில்லை. கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜெண்டோ, யேசு சபைத் துறவி அமா சாமி 1996இல் தொடங்கிய ஜென் தியான மையம். அவர் ஜப்பானின் காமகுராவில் யமதா கோவுனிடம் பயின்று ஆசிரியராக அனுமதி பெற்றவர். அந்த ஜென் மரபில் தியானத்தின்போது தோன்றும் ஒளி, உருவம், குரல் எல்லாவற்றுக்கும் மாக்யோ என்று ஒரே பெயர். புத்தரே ஒளிவீசி நின்றதாகப் போய்ச் சொன்னாலும், கண்டுகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்பு என்பதுதான் பதில். பதஞ்சலியும் சித்திகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, சமாதிக்கு அவை இடைஞ்சல் என்கிறார். தியானத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள்தான் காட்சியை இவ்வளவு அலட்சியமாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் பதஞ்சலி சித்தி இல்லை என்று சொல்லவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சோதனை தேவை. அது தமிழ்நாட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையின் அன்னி பெசண்டும் லெட்பீட்டரும் ஞானதிருஷ்டியால் அணுக்களுக்குள் பார்த்ததாகச் சொல்லி 1908இல் 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி' என்ற நூலை வெளியிட்டார்கள். ஹைட்ரஜனுக்குள் 18 நுண்துகள்கள், குளோரினுக்குள் 639 என்று எண்ணி எழுதினார்கள். 639ஐ ஹைட்ரஜனின் 18ஆல் வகுத்தால் 35.5. அன்றைய வேதியியல் பாடநூலில் குளோரினின் எடையும் ஏறக்குறைய அதுதான். பிரமாதமான பொருத்தம் என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். 1919இல் விஞ்ஞானி ஆஸ்டன் தன் கருவியால் அளந்து காட்டியபோதுதான் விஷயம் தலைகீழானது: இயற்கையில் குளோரின் அணு 35 அல்லது 37 எடையில்தான் இருக்கிறது. 35.5 என்பது இரண்டும் கலந்த சராசரி. அந்த எடையில் ஓர் அணுகூடக் கிடையாது. உண்மையிலேயே ஒற்றை அணுவைப் பார்த்திருந்தால் அந்த எண் கிடைத்திருக்காது. பாடநூலைப் படித்த மனத்துக்குக் கிடைக்கும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அறிந்ததையே பார்த்தார்கள், அதை அணுவுக்குள் பார்த்ததாக நம்பினார்கள்.

நியானில் 22 எடை கொண்ட இன்னொரு வகை இருப்பதை அறிவியலுக்கு முன்பே அவர்கள் சொன்னார்களே என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். 'மெட்டா நியான்' என்று 22.33 எடையில் ஒன்றை எழுதியது உண்மை. அதே கணக்கில் 'மெட்டார்கான்' என்று 42 எடையிலும் ஒன்றை எழுதினார்கள். காற்றிலிருக்கும் ஆர்கானோ 36, 38, 40 எடைகளில் வருகிறது. போதாததற்கு, மெட்டார்கான் என்பது 1898இல் வேதியியலாளர் ராம்சே லண்டனில் புதுத் தனிமம் என்று அறிவித்துப் பிறகு கைவிட்ட பெயர். ஒன்று குறியில் பட்டது, பக்கத்தில் இருந்தது படவில்லை. பிற்கால டெலிபதி சோதனைகளின் கதையும் இப்படித்தான் இழுபறியாக இருக்கிறது: தற்செயலாகவே 25 சதவீதம் சரியாக வரவேண்டிய இடத்தில் 32 சதவீதம் வந்ததாக 1994இல் ஒரு கட்டுரை, 30 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து அப்படி எதுவும் இல்லை என்று 1999இல், அதே இதழில், இன்னொன்று.

அடையாற்றுக்காரர்களுக்கு ஒரு பாராட்டு கொடுத்தே ஆகவேண்டும். பார்த்ததை எண்ணாக்கி, பட்டியல் போட்டு, பிறர் சரிபார்க்கும்படி அச்சிட்டார்கள். கிளாவரை மலையில் உட்கார்ந்து தூரத்துச் செய்தி கண்டவர் ஊருக்கு போன் போட்டு விசாரிக்கும் முன்பே அதைத் தேதியோடு எழுதி இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். பலித்ததோடு பலிக்காததையும் எண்ணிவைக்கலாம். ஞானதிருஷ்டி கற்றுத்தருவதாகக் கட்டணம் வாங்குகிறவர்களிடம், பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.